ஆணைக்கு முன்னும் பின்னும்: சித்தூரிலிருந்து பார்த்தால் தெரியும் இரு எழுத்துச் சீர்திருத்தங்கள்

  

பாலக்காடு மாவட்டம் சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில், துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் அவர் தம் இறுதிக் காலத்தை இங்கே கழித்தார் என்பது மரபு. விஜயதசமியன்று குழந்தைகளை அழைத்துவந்து முதலெழுத்து எழுதவைக்கிறார்கள். அங்கிருந்து கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் சென்றால் தமிழ்வழி வகுப்புகள். ஒரே வட்டத்தில் இரண்டு எழுத்துமுறைகள்; இரண்டையும் கற்றே நான் வளர்ந்தேன்.

ஏழாண்டு இடைவெளியில் இவ்விரண்டும் அரசாணையால் மாற்றப்பட்டன: மலையாளம் 1971-இல், தமிழ் 1978-இல். தமிழ் மாற்றம் பெரிய ஆரவாரமின்றி நிலைத்துவிட்டது. மலையாள மாற்றமோ ஐம்பது ஆண்டு கடந்தும் விவாதத்தில் இருக்கிறது. ஏன்?

இன்றைய வடிவமைப்புத் துறையில் மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு என்றொரு நெறி உண்டு. அதன் அடிப்படை எளியது. முதலில் ஒரு மாதிரியைச் செய். பயன்படுத்தப்போகிறவர் கையில் கொடு. அவர் தடுமாறும் இடத்தைக் கண்டு திருத்து. மாற்றம் எதற்காக என்பதை அவருக்குப் புரியும் கதையாகச் சொல். இந்தச் சொற்கள் புதியவை, செயல் பழையது. ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்பதால் புள்ளியை விட்டுவிட்டு எழுதிய எழுத்தரும், எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்க்கக் கொம்பைச் சுழித்தவராக அறியப்படும் 18-ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவரும் இதைத்தான் செய்தார்கள்.

முதலில் தமிழ். பெரும்பாலான மெய்கள் ஆகாரத்துக்குத் துணைக்காலையும் ஐகாரத்துக்கு இணைக்கொம்பையும் பெற்று வந்தன. சில மட்டும் விதிவிலக்கு. ணா, றா, னா மூன்றும் சுழித்துச் சேர்ந்த தனி வடிவங்கள். ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆகியவையும் அவ்வாறே. ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த குறியைப் பெற்றன. ஆக மொத்தம் 13 எழுத்துகள்.

1935 தொடக்கத்தில் பெரியார் ‘குடி அரசு’ இதழில் இவற்றைப் பொதுவிதிக்குள் கொண்டுவந்து அச்சிடத் தொடங்கினார். அவர் அரசின் ஆணைக்காகக் காத்திருக்கவில்லை; தம் இதழையே மாதிரியாக்கினார். வாசகர் ஒவ்வோர் இதழிலும் அவ்வெழுத்துகளைக் கண்டனர், வாசிக்க முடிந்தது. கா, கை என்று ஏற்கெனவே பழகிய கண்ணுக்கு ணா, லை ஆகியவற்றின் புதிய வடிவம் புரியத் தனிப்பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. கூடவே அவர் சொன்ன கதையும் தெளிவானது: எழுத்து புனிதப் பொருளன்று, கருவி, கற்கும் குழந்தைக்கும் அச்சுக்கோப்பவருக்கும் சுமை குறைய வேண்டும்.

சோதனை என்றால் தோல்வியும் உண்டு. ஐ, ஔ என்னும் எழுத்துகளை விடுத்து அய், அவ் என்றே எழுதலாம் என்பதும் அவர் கருத்து. அது அவருடைய இயக்க இதழ்களில் வழங்கியது, பொதுவழக்கில் நிலைபெறவில்லை. 43 ஆண்டுக்கால வாசிப்பில் எது நிலைக்கும், எது நிலைக்காது என்பது பெருமளவு புலப்பட்டிருந்தது. 1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டையொட்டி, எம்.ஜி.ஆர். அரசு வெளியிட்ட ஆணை ஏற்கெனவே வாசித்துத் தேர்ந்ததை உறுதிசெய்தது. அந்த ஆணை செல்லாத சிங்கப்பூரும் 1983-இல் அதே வடிவங்களை ஏற்றது.

இனி மலையாளம். அதன் சிக்கல் தமிழைவிடப் பன்மடங்கு பெரியது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டெழுத்துகள் மிகுதி, உகரமும் ஊகாரமும் ஒவ்வொரு மெய்யோடும் வெவ்வேறு விதமாகச் சுழித்துச் சேர்ந்தன. அச்சகத்துக்கு நூற்றுக்கணக்கான அச்சுகள் தேவைப்பட்டன. தட்டச்சுப் பொறியின் விசைகளுக்குள் அவை அடங்கா. 1967-இல் சூரநாடு குஞ்ஞன் பிள்ளை தலைமையில் குழு அமைந்தது. 1971 ஏப்ரல் 15 முதல் சீர்திருத்த எழுத்து நடைமுறைக்கு வந்தது. உகரக் குறி மெய்யைவிட்டுப் பிரிந்து பக்கத்தில் நின்றது. கூட்டெழுத்துகள் பல சந்திரக்கலையிட்டுப் பிரிக்கப்பட்டன. தேவையான வடிவங்கள் ஏறத்தாழ 90 அளவுக்குக் குறைந்தன.

பொறிக்கு இது பெரும் உதவி. ஆனால் கைக்கு? சேர்த்தெழுதிப் பழகிய கைக்குப் பிரித்தெழுதுவது சுருக்கமன்று. ஒரே இழுப்பில் முடிந்தது இரண்டு இழுப்பாகிறது. என் வகுப்பில் பாடநூல் ‘கு’வைப் பிரித்துக் காட்டியது, ஆசிரியர் கரும்பலகையில் சேர்த்தே எழுதினார். நாங்கள் இரண்டையும் கலந்து எழுதினோம். இதழ்களும் பதிப்பகங்களும் தத்தம் வசதிப்படி பாதி புதிது, பாதி பழையது என்று கலந்தன. சோதனை நடக்காமல் இல்லை. ஆணைக்குப் பின்னர் நடந்தது. அதன் செலவைக் குழந்தைகள் ஏற்றனர்.

கதைக்கும் ஒரு விபத்து நேர்ந்தது. மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் தட்டச்சுப் பொறி. கணினி வந்ததும் அந்தக் காரணம் மறைந்தது. 1999-இல் ஆர். சித்ரஜகுமார், கே.எச். ஹுசைன் முதலியோர் முன்னெடுத்த ‘ரசனா’ இயக்கம், பழைய கூட்டெழுத்துகள் அனைத்தையும் கணினியில் காட்ட முடியும் என எழுத்துரு செய்து நிறுவியது. ஒருங்குறியில் ககரமும் உகரக் குறியும் அடுத்தடுத்துச் சேமிக்கப்படுகின்றன. அவற்றைச் சேர்த்துக் காட்டுவதா பிரித்துக் காட்டுவதா என்பது எழுத்துருவின் பொறுப்பு. 2022-இல் கேரள அரசு அமைத்த குழு, கூட்டெழுத்துகள் சிலவற்றை மீண்டும் சேர்த்தெழுதப் பரிந்துரைத்தது. பொறிக்காக விட்டவற்றுள் சில, பொறி மறைந்தபின் திரும்பி வருகின்றன.

தமிழர் இதைக் கேட்டுப் பெருமிதம் கொள்ளத் தேவையில்லை. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளில் 18 மெய்க்கும் சேர்த்து 72 வடிவங்கள் உள்ளன. அவற்றை நான்கு குறிகளாக்கலாம் என வா.செ. குழந்தைசாமி நெடுங்காலம் வாதிட்டார். கணக்கு சரிதான். மலையாளம் 1971-இல் உகரத்துக்குச் செய்ததற்கு நெருக்கமான யோசனை அது. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி அது குறித்து ஆதரவும் கடும் எதிர்ப்பும் எழுந்தன; மாற்றம் நடைமுறைக்கு வரவில்லை. ஆண்டுக்கணக்கில் மக்கள் வாசித்துப் பழகிய ஓர் இதழ் அந்த யோசனைக்குப் பின்னால் இருந்திருந்தால் விவாதம் வேறுவகையாய் அமைந்திருக்கலாம்.

இதிலிருந்து நான் பெறும் முடிவு ஒன்றே. பயனர் சோதனையைத் தவிர்க்க இயலாது. ஆணைக்கு முன் நடத்தாவிட்டால் பின்னர் அது தானே நடக்கும். அப்போது தவறுக்கான விலையை வடிவமைத்தவர் கொடுப்பதில்லை.

இது பழங்கதையன்று. சித்தூர் வட்டத்தில் எரவாளரும், அட்டப்பாடியில் இருளரும், இடுக்கி மலைகளில் முதுவரும் வாழ்கிறார்கள். அவர்களுடைய மொழிகளுக்குத் தனி எழுத்து வழக்கில்லை. அவற்றைப் பாடநூலில் ஏற்ற முயலும்போதெல்லாம் மலையாள எழுத்தா, தமிழ் எழுத்தா, எந்த ஒலிக்கு எந்தக் குறி என்னும் வினாக்கள் எழும். மொழியியல் படித்த எங்களுக்கு இதை மேசையிலேயே தீர்த்துவிடலாம் என்ற மயக்கம் எளிதில் வருகிறது, எனக்கும் வந்ததுண்டு. நான்கு பக்கத் தாள் ஒன்றை அச்சிட்டு, அம்மொழி பேசும் ஒரு குழந்தையிடம் கொடுத்து, அது எங்கே நிறுத்தி விழிக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. அந்தத் தாள் தோற்றால் நட்டம் நான்கு பக்கம். பாடநூல் தோற்றால் நட்டம் ஒரு தலைமுறை.

என் பாட்டியின் பழைய கடிதங்களில் ‘இல்லை’ என்ற சொல் துதிக்கையோடு நிற்கிறது. அவ்வடிவத்தை இங்கே காட்ட இந்தத் திரையின் எழுத்துரு இடம்தரவில்லை. உங்கள் வீட்டில் 1978-க்கு முற்பட்ட கடிதங்களோ, 1971-க்குப் பிற்பட்ட மலையாளப் பள்ளிக் குறிப்பேடுகளோ இருந்தால், அவற்றில் கை எதைச் சேர்த்தது, எதைப் பிரித்தது என்று பார்த்து எழுதுங்கள். அரசாணைகளில் கிடைக்காத சான்று அவற்றில்தான் இருக்கிறது.