டாக்டர் இல்லாத ஊர்ல மருந்துச் சீட்டு யார் எழுதுறது?

அமெரிக்கான்னா நமக்கு சிலிக்கான் வேலிதான் ஞாபகம் வரும். ஆனா அங்க பாதிக்கும் மேற்பட்ட கவுண்ட்டிகள்ல, அதாவது நம்ம மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பகுதிகள்ல, ஒரு மனநல மருத்துவர்கூட கிடையாது. பல ஊர்கள்ல அந்த இடத்தை நிரப்புறது நர்ஸ் பிராக்டிஷனர்கள். நோயைக் கண்டறிஞ்சு மருந்தும் எழுதுற மேற்படிப்பு படிச்ச நர்ஸ். இவங்க எப்படி வந்தாங்கன்னுதான் இன்னைக்குக் கதை.

1955-ல அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகள்ல அஞ்சரை லட்சம் பேருக்கு மேல அடைபட்டுக் கிடந்தாங்க. அதிபர் கென்னடிக்கு இது வீட்டுப் பிரச்சினையும்கூட. அவரோட தங்கை ரோஸ்மேரிக்கு 1941-ல மூளையில அறுவை சிகிச்சை செஞ்சு, அவங்க வாழ்க்கையே முடங்கிப்போச்சு. 1963 அக்டோபர் 31-ல கென்னடி ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார்: நாடு முழுக்க 1,500 சமூக மனநல மையங்கள். மூணு வாரத்துல அவரே இல்லை. மையங்கள்ல ஏறக்குறைய பாதிதான் வந்துச்சு. டிசைன் டாக்குமென்ட் சூப்பர், டெப்ளாய்மென்ட் பாதியில நின்னுடுச்சு. மருத்துவமனைக் கதவு திறந்துச்சு, வெளியே வந்தவங்களுக்குச் சொந்த ஊர்ல பார்க்க ஆள் இல்லை.

இதே சமயம், 1965-ல, கொலராடோவுல லொரெட்டா ஃபோர்டுனு ஒரு பொதுச் சுகாதார நர்ஸ், ஹென்றி சில்வர்ங்கிற குழந்தை மருத்துவரோட சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியை ஆரம்பிச்சாங்க. அது குழந்தைகளுக்காக, மனநலத்துக்காக இல்லை. டாக்டர் கிடைக்காத கிராமக் குடும்பங்களைப் பார்த்து வந்த யோசனை. எதிர்த்தது டாக்டர்கள் மட்டுமில்லை, நர்சிங் பேராசிரியர்களும்தான்! இன்னொரு பக்கம், ஹில்டெகார்ட் பெப்லாவ் 1950-கள்லயே ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல மனநல நர்சிங்குக்கு முதுகலைப் படிப்பு தொடங்கியிருந்தாங்க. பின்னாடி இந்த ரெண்டு பாதையும் சேர்ந்து பிறந்தவங்கதான் மனநல நர்ஸ் பிராக்டிஷனர்.

கிராமத்துல தூரம் ஒரு தடை, பணம் இன்னொரு தடை. மூணாவது தடை, பிக்-அப் டிரக். சின்ன ஊர்ல யார் வண்டி யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும். மனநல கிளினிக் வாசல்ல அது நின்னா, சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும். ஆனா பிரஷர் பார்க்கிற அதே கிளினிக்ல, அதே நர்ஸ், "தூக்கம் எப்படி வருது?"ன்னு கேட்டா யாருக்குச் சந்தேகம் வரும்? இவங்களே ஆய்வுல இறங்கும்போது, எத்தனை பேர் வந்தாங்கங்கிறதோட, யார் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனாங்கன்னும் கேட்கலாம். எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாப் படுது.

இப்போ பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள்ல இவங்க சுயமா பிராக்டிஸ் பண்ணலாம். டெக்சாஸ் மாதிரி இடங்கள்ல மருந்து எழுதணும்னா ஒரு டாக்டரோட ஒப்பந்தம் வேணும். பயிற்சி நேரம் குறைவுன்னு டாக்டர்கள் சொல்றது பொய்யில்லை. ஆனா அந்த ஊர்ல நர்ஸுக்குப் பதிலா டாக்டர் வரப்போறதில்லையே, யாருமே வரப்போறதில்லை.

ஃபோர்டு 2025 ஜனவரில, 104 வயசுல இறந்தாங்க. டெக்சாஸ்ல அந்த ஒப்பந்தம் அப்பவும் கட்டாயமாத்தான் இருந்துச்சு.