வெண்சுருட்டும் வீட்டுத் தீயும்

அடுப்புத் தீயை மனிதன் அணைத்துவிட்டுப் படுக்கிறான். விரலிடையே உள்ள தீயையோ மறந்து உறங்கிவிடுகிறான். சிகரெட் எனப்படும் வெண்சுருட்டு, புகைப்பவர் இழுக்காதபோதும் கனன்றுகொண்டே இருக்கும் இயல்புடையது. மெத்தையில் விழுந்தால் உடனே சுடர் எழுவதில்லை. நெடுநேரம் உள்ளே புகைந்து, வீட்டார் அயர்ந்துறங்கும் வேளையில் பெருந்தீயாகும். 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவில் வீட்டுத் தீயால் நேர்ந்த உயிரிழப்புகளுக்கு இதுவே தலையாய காரணமாக விளங்கிற்று.

1979 ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வெஸ்ட்வுட் என்னும் ஊரில், வெண்சுருட்டால் மூண்ட தீயில் பெற்றோரும் ஐந்து குழந்தைகளும் மாண்டனர். அப்பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ மோக்லி இக்கொடுமை கண்டு, தானே அணையும் வெண்சுருட்டு வேண்டும் என்று அவ்வாண்டிலேயே மசோதா கொணர்ந்தார். அத்தகைய வெண்சுருட்டைப் புகைப்போர் ஏற்கமாட்டார் என்றனர் புகையிலை நிறுவனத்தார். மெத்தையும் நாற்காலியும் தீப்பற்றாதவாறு செய்யப்படட்டும் என்றும் வாதிட்டனர். ஆகவே வழக்கு, குற்றம் கொள்ளியினதா பஞ்சினதா என்னும் வினாவாயிற்று.

1984 ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் தடை எதுவும் விதிக்கவில்லை. ஆராய்வதற்கு ஒரு குழுவையே அமைத்தது. தீமூட்டும் ஆற்றல் குறைந்த வெண்சுருட்டைச் செய்ய இயலும் என அக்குழு 1987 இல் அறிவித்தது. 1990 ஆம் ஆண்டின் சட்டமோ சோதனை முறையை வகுப்பதோடு நின்றது. நடுவண் அரசு தயங்கிய இடத்தில் ஒரு மாநிலம் முன்வந்தது. நியூயார்க் 2000 இல் சட்டம் இயற்றி, 2004 ஜூன் 28 முதல் நடைமுறைப்படுத்தியது. அந்நாளைக் காண மோக்லி இல்லை. அவர் 2001 இல் மறைந்தார்.

இதன் நுட்பம் எளியது. வெண்சுருட்டின் தாளில் இடையிடையே காற்று எளிதில் புகாத தடித்த பட்டைகள் அமைக்கப்படுகின்றன. இழுப்பார் இன்றிக் கனலும் தீ அங்கு வந்ததும், போதிய காற்றின்றி அவிகிறது. வடிதாள் அடுக்கின்மேல் நாற்பது வெண்சுருட்டுகளைக் கொளுத்தி வைத்துச் சோதிப்பர். அவற்றுள் பத்துக்கு மேல் முழுதும் எரிந்து தீர்தல் கூடாது.

2005 இல் கனடா நாடு முழுமைக்கும் இவ்விதியைக் கொணர்ந்தது. 2010 இல் ஆஸ்திரேலியாவும், 2011 இல் ஐரோப்பிய ஒன்றியமும் தொடர்ந்தன. 2011 க்குள் அமெரிக்க மாநிலங்கள் ஐம்பதும் இவ்வழி வந்தன.

இவ்வெண்சுருட்டு தீயே மூட்டாதது என எண்ணுதல் தவறு. நான்கில் ஒன்று முழுதும் எரியவும் சோதனை இடந்தருகிறது. எனினும், இச்சட்டம் மனிதனின் விழிப்பை மட்டும் நம்பாமல் பொருளையே திருத்திற்று என்பது கருதத்தக்கது. உறங்குபவனுக்கு அறிவுரை கேட்பதில்லை. அவன் வீட்டில் உறங்கும் குழந்தையோ புகைத்ததே இல்லை. இயலும் என்று 1987 இலேயே தெளிந்த ஒன்று நடைமுறைக்கு வரப் பதினேழு ஆண்டுகள் சென்றன. அக்கால இடைவெளியின் விலையை எரிந்த வீடுகளே செலுத்தின.