சீதபேதிக்குள் மறைந்திருந்த நோய்

1782 ஜனவரியில் திருகோணமலையின் ஒஸ்ரன்பேர்க் கோட்டையை ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஓகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதைப் பறித்துக்கொண்டார். செப்டெம்பர் 3ஆம் திகதி இரு கடற்படைகளும் துறைமுகத்துக்கு வெளியே மோதின. பீரங்கிக்கு இரையானவர்களைப் போர் வரலாறுகள் எண்ணி வைத்திருக்கின்றன. வயிற்றால் போய்ச் செத்தவர்களைத் தேடினால் மருத்துவர்களின் நூல்களுக்குத்தான் போகவேண்டும். மெடியா என்ற போர்க்கப்பலின் மருத்துவர் சார்ல்ஸ் கேர்ட்டிஸ், 1782, 83இல் அந்த ஆங்கிலக் கடற்படையிலும் சென்னைக் கடற்படை மருத்துவமனையிலும் கண்ட நோய்களைப் பற்றி எழுதிய நூல் 1807இல் வெளிவந்தது. காய்ச்சலோடு இரத்தக் கழிச்சலுக்கும் அதில் பெரிய இடம் உண்டு.

பீப்பாயில் மாதக்கணக்கில் கிடந்த தண்ணீர், உப்புக்கண்டம், நெருக்கியடித்த படுக்கை. பிறகு நோய் வராமல் என்ன செய்யும்? இப்பிக்காக் வேரும் பாதரச உப்பும் அன்றைய கப்பல் வைத்தியம். கரையில் நம்மவர்களிடம் வில்வங்காயும் மாதுளந்தோலும் இருந்தன. அந்த வில்வங்காய் 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய மருந்து நூலுக்குள்ளேயே போய்விட்டது.

ஆனால் இரத்தமும் சீதமுமாகப் போனவர்கள் எல்லோருக்கும் ஒரே நோய்தானா? அன்று பிரித்துப் பார்க்க வழியில்லை. 1859இல் லண்டனில் இசபெல்லா பாங்ஸ் என்ற பெண்ணின் மரணம் நஞ்சூட்டல் வழக்காக வெடித்தபோது, மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் அவளுடைய குடலில் கண்ட புண்களை விவரித்து எழுதினார். அது சாதாரணச் சீதபேதியாக அவருக்குப் படவில்லை. சீதபேதியை உண்டாக்கும் அமீபா 1875இலும், ஷிகா கண்ட சீதபேதிக் கிருமி 1897இலும் சிக்கிய பிறகுதான், கிருமி எதுவும் இல்லாமலே வருடக்கணக்கில் புண்ணாகும் குடல், பெருங்குடல் புண் அழற்சி என்ற தனி நோயாகத் துலங்கியது. 1932இல் குடல் அழற்சியின் இன்னொரு வகையான குரோன் நோயும் பட்டியலில் சேர்ந்தது. யப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 9இல் திருகோணமலையில் குண்டு போட்ட அதே காலத்தில், சுவீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் சல்ஃபாசலசீன் மருந்தைக் குடல் அழற்சிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மாத்திரை இன்றும் பாவனையில் இருக்கிறது.

குடல் அழற்சியின் இன்னொரு முகம் சீப்பில் தெரிகிறது. நெருப்புக்காய்ச்சல் கண்டு எழும்பினவருக்கு முடி கொட்டும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான். 1961இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் அல்பேர்ட் கிளிக்மன் இதை முறையாக விளக்கினார். உடல் கடுமையாக அடிபடும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பல ஒரேயடியாக ஓய்வுக்குப் போகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் அவை உதிரும். அப்படி உதிர்ந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வேர்ப்பக்கத்தில் சிறு வெள்ளைக் குமிழ் இருக்கும். குடல் அழற்சி உள்ளவருக்கு நோய் திரும்பத் திரும்ப மூள்வதால் இந்த அடியும் திரும்பத் திரும்ப விழுகிறது. இரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது, துத்தநாகம் குறைகிறது, சாப்பாடு உடலில் ஒட்டுவதில்லை. இத்தனை நடந்த பிறகும் பலர் முதலில் தேடிப்போவது கூந்தல் எண்ணெயைத்தான். வயிற்றில் நோய் பட்டதையும் தலையில் முடி கொட்டுவதையும் அந்த இரண்டு மூன்று மாத இடைவெளி பிரித்துவிடுகிறது. அவர்களைக் குறை சொல்லமுடியாது.

குடல் அழற்சி வெள்ளைக்காரர் நோய், நமக்கு வராது என்று நெடுநாள் நம்பப்பட்டது. கொழும்பு, கம்பஹா மாவட்ட மருத்துவமனைகளை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வு, இலட்சம் பேரில் சுமார் 5 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சியும் ஒருவருக்குச் சற்று மேல் குரோன் நோயும் இருப்பதாகக் காட்டியது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் சீதபேதி மருந்தையும் பூச்சி மருந்தையும் மாறி மாறி விழுங்கி வருடங்களைக் கழிக்கும் ஒருவருக்கு அந்தச் சிறிய எண்ணிக்கையால் என்ன ஆறுதல்?

நோயால் மட்டுமல்ல, மருந்தாலும் முடி கொட்டலாம். குடல் அழற்சிக்குக் கொடுக்கும் அசதயோப்பிரின் மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் முடி கொத்துக் கொத்தாகக் கழன்றால் தாமதிக்கக்கூடாது. வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைவதன் அடையாளமாக அது இருக்கலாம். நூடிடி15 என்ற மரபணுவின் ஒரு மாற்றம் இதற்குக் காரணம் என்று 2014இல் கொரிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆசியர்களிடம்தான் அது கூடுதல்.

ஆகவே வாரக்கணக்கில் இரத்தத்தோடு வயிற்றால் போகிறவர்கள் அதை வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். வைத்தியசாலைக்குப் போனால் முடி கொட்டுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இரும்புச்சத்துப் பரிசோதனையைக் கேளுங்கள், மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். குடல் ஆறி, இழந்த சத்தும் திரும்பினால், இப்படிக் கொட்டிய முடி பெரும்பாலும் சில மாதங்களில் மறுபடி முளைத்துவிடும்.