மை பட்ட திரை

கலைப்பட அரங்கு என்றதும் பழைய நாற்காலி, மங்கிய விளக்கு என்று ஏங்குவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. பாரிஸில் 1928இல் திறந்த 'ஸ்டூடியோ 28'ஐ எடுத்துக்கொள்வோம். புனுவலின் 'பொற்காலம்' படத்தை, அதற்குப் பணம் போட்ட நொவாய் பிரபு 1930இல் முதலில் தன் மாளிகையில் விருந்தினருக்குத்தான் காட்டினார். அங்கே யாரும் மை வீசவில்லை. அதே படம் இந்த அரங்குக்கு வந்ததும், டிசம்பர் 3 அன்று வலதுசாரிக் கும்பல் திரையில் மை வீசிற்று. முன்கூடத்திலிருந்த டாலி, மிரோ ஓவியங்களைக் கிழித்தது. சில நாட்களில் அரசு படத்தையே தடைசெய்தது. தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது.

மதத்தையும் மேட்டிமையையும் கிண்டலடிப்பது மாளிகைக்குள் ரசனை. டிக்கெட் வாங்கிய எவனும் பார்க்கலாம் என்றால் குற்றம். இந்த 'எவனும்'தான் விசயம். அவனுக்குக் கதவைத் திறந்துவைத்ததே அந்த அரங்கின் ஈர்ப்பு என்பேன்.