பிராணவாயுவும் பார்வையும்

குறைமாதத்தில் பிறந்த குழந்தை பிழைத்தாலே போதுமென்று நாம் எண்ணுகிறோம். 1942-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கண் மருத்துவர் டெர்ரி, அவ்வாறு பிழைத்த குழந்தைகளிடம் ஒரு விபரீதத்தைக் கண்டார். கண்ணின் வில்லைக்குப் பின்னே வெண்படலம் திரண்டு பார்வை போயிருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் உலகில் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் இவ்வாறு கண்ணிழந்தனர். தன் அனுபவத்தை மட்டுமே நோக்கிய எந்த ஆஸ்பத்திரிக்கும் காரணம் புலப்படவில்லை.

1951-இல் மெல்போர்ன் நகரத்துக் கேட் காம்ப்பெல் அம்மையார் மூன்று நிலையங்களின் பதிவேடுகளை ஒப்பிட்டார். பிராணவாயுவைத் தாராளமாக வழங்கிய இடத்தில் நூற்றுக்கு 19 குழந்தைகளுக்கு இந்நோய். அளவோடு வழங்கிய இடங்களில் 7. உயிரளிக்கும் வாயுவே கண்ணைப் பறிக்கிறதென்றால் யார் நம்புவார்? ஆகவே 1953-இல் அமெரிக்காவில் 18 ஆஸ்பத்திரிகள் ஒன்றுகூடிச் சோதித்தன. அம்மையாரின் ஐயம் உறுதியாயிற்று. பல நாடுகளில் வாயுவின் அளவு குறைக்கப்பட்டது.

ஆனால் அந்த ஆராய்ச்சி, பிறந்து இரண்டு நாள் பிழைத்திருந்த சிசுக்களையே கணக்கில் சேர்த்தது. மரணங்கள் மிகும் முதல் 48 மணி நேரம் ஏட்டில் ஏறவே இல்லை. இதைச் சிறு குறையென்று நாம் ஒதுக்க இயலாது. காப்பாற்றிய ஒவ்வொரு பார்வைக்கும் ஏறத்தாழ 16 சிசுக்கள் மாண்டிருக்கக்கூடுமென 1973-இல் பிரிட்டிஷ் அறிஞர் கென்னத் கிராஸ் மதிப்பிட்டார்.

இந்தியாவில் 1995-இல் பல ஆஸ்பத்திரிகளின் விவரங்களை ஒரே முறையில் திரட்டத் தொடங்கியபோது, இறந்து பிறந்த குழந்தைக்கும் அக்கணக்கில் இடமளித்தனர்.