சொறிக்காகப் பிறந்த சட்டம்: ஆமை விலக்குக் கருவியின் வரலாறு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டேரியன் என்றொரு கடற்கரை ஊர். அங்கே இறால் பிடிப்பவர்களுக்குப் பெருந்தொல்லையாக இருந்தது சொறிமீன். பருவத்தில் பந்துபோல் திரண்ட சொறிகள் கூட்டமாக வரும். இழுவலையின் கடைசிப் பையை அவை அடைத்துக்கொண்டால் வலையைத் தூக்க முடியாது. உள்ளே இருக்கும் இறாலும் நசுங்கிப்போகும். சிங்கி பூன் என்ற மீனவர் 1960-களின் கடைசியில் இதற்கு வழி கண்டார். வலையின் கழுத்துப் பகுதியில் ஒரு கம்பிச்சட்டத்தைச் சாய்வாகப் பொருத்தி, சட்டம் முடியும் இடத்தில் வலையில் ஒரு திறப்பை விட்டார். இறால் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து பைக்குப் போய்விடும். சொறி சட்டத்தில் மோதி, சாய்வில் வழுக்கித் திறப்பு வழியே வெளியேறும். ஆமைக்கும் அதே வழி பயன்பட்டது. 'ஜார்ஜியா ஜம்பர்' என்று பெயர்பெற்ற அந்தச் சட்டம், இன்றைய கம்பிச்சட்டக் கருவிகளுக்கு முன்னோடி.

அரசு அறிவியலாளர்கள் இதே தீர்வுக்கு வேறு பக்கமிருந்து, ஆமையைக் காக்கும் பொறுப்பிலிருந்து, வந்தார்கள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான அமெரிக்கச் சட்டம் 1973-இல் வந்தது. கடலாமை மேலே வந்து மூச்சுவிடும் உயிர். வலைக்குள் இழுபட்டால் மூச்சடைத்துச் சாகும். ஒரே இழுப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் சாவு வேகமாகக் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டின. தேசியக் கடல் மீன்வளச் சேவை முதலில் வலையின் வாயிலேயே தடுப்புக் கண்ணி கட்டிப் பார்த்தது. ஆனால் இறாலும் குறைந்தது. அடுத்து 1980-களின் தொடக்கத்தில் கூண்டு வடிவக் கருவி ஒன்றை உருவாக்கியது. ஆமையை அது நன்றாகவே வெளியேற்றியது. ஆனால் கனமானது, ஆடும் தளத்தில் கையாளக் கடினமானது. விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றபோது எடுத்துக்கொண்டவர்கள் மிகச் சிலரே. அதைப் பிடிவாதம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கருவியைத் தினமும் தூக்கி இறக்க வேண்டியவர்களின் கணக்கு அந்த வடிவமைப்பில் சேரவில்லை.

திருப்பம் 1980-களின் நடுவில் வந்தது. மீனவர்களே செய்த இலகுவான சட்டங்களை அறிவியலாளர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரே படகு இரண்டு வலைகளை இழுக்கும். ஒன்றில் சட்டம் இருக்கும், மற்றதில் இருக்காது. இரண்டின் பிடிபாட்டையும் தனித்தனியே நிறுத்தால் இழப்பு எவ்வளவு என்பது தளத்திலேயே தெரிந்துவிடும். நுழைந்த ஆமைகளில் 97 விழுக்காடு வெளியேறினால்தான் ஒப்புதல் என்பது அளவுகோல். சாய்வில்தான் நுட்பம் முழுவதும் இருந்தது. சட்டம் செங்குத்தாக நின்றால் ஆமை அதில் அழுந்தி மாட்டிக்கொள்ளும். அதிகம் படுத்தால் இறால் திறப்பு வழியே போய்விடும். அடிக்கடலில் குப்பை மிகுந்த இடங்களில் திறப்பைக் கீழே வைப்பது நல்லது என்பது போன்ற முடிவுகள் அந்தந்தக் கடலை அறிந்தவர்களின் அனுபவத்தில் விளைந்தவை. ஒப்புதல் பெற்ற கருவிகளில் சில கேமரன், மட்டகோர்டா என்று மெக்சிகோ வளைகுடாக் கரையின் இடப்பெயர்களையே தாங்கின.

இந்த ஒத்துழைப்பு கரை முழுவதும் பரவும் முன்னரே 1987-இல் கட்டாய விதி வந்துவிட்டது. 1989 ஜூலையில் டெக்சாஸ், லூசியானா மீனவர்கள் படகுகளை நிறுத்தித் துறைமுக வழிகளை மறித்தார்கள்; விதி சிறிது காலம் நிறுத்திவைக்கப்பட்டது. மறு ஆண்டு அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு, இறால் இழுவலைகளில் ஆண்டுக்கு 5,000 முதல் 50,000 பெருந்தலை ஆமைகள் வரை சாகின்றன என்று மதிப்பிட்டது. அதன் பின் விதி உறுதிப்பட்டது.

அமெரிக்கா இறால் இறக்குமதிக்கும் இதே கருவியை நிபந்தனையாக்கியது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகள் 1996-இல் உலக வணிக அமைப்பில் முறையிட்டன. ஆமையைக் காக்கும் நோக்கம் சரியே, அதைச் செயல்படுத்திய விதம் பாரபட்சமானது என்று 1998-இல் மேல்முறையீட்டு அமைப்பு தீர்ப்பளித்தது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கென ஒரு கம்பிச்சட்டக் கருவியை வடிவமைத்தது. ஆனாலும் கருவி பரவலாகப் பயன்பாட்டில் இல்லை என்ற காரணத்தால், இந்தியக் கடல் இறாலுக்கு 2019-இல் அமெரிக்கச் சந்தை மூடப்பட்டது.

தமிழகக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட வரும் மாதங்களில், வலையில் இந்தக் கருவி வேண்டுமா என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. டேரியனில் திறப்பு வழியே போனது மீனவருக்கு வேண்டாத சொறி. இங்கே அதே வழியில் போகக்கூடியது பெரிய திருக்கை, பெரிய மீன். நம் விசைப்படகு இறாலை மட்டும் நம்பிப் போவதில்லை. ஆகவே இரட்டை வலைச் சோதனையை இங்கே நடத்தும்போது இறாலோடு நில்லாமல், திருக்கையையும் மற்ற மீனையும் நிறுத்து, கரை விலையில் கணக்கிட்டு, அந்த இழப்பை யார் ஏற்பது என்பதையும் படகுக்காரர்களோடு உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும்.