பட்டியும் வட்டையும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் எருவின் வரலாறு

உழவின் சிறப்பை ஓர் அதிகாரத்தில் வகுத்துரைத்த திருவள்ளுவர், நிலத்தை உழுவதைக் காட்டிலும் அதற்கு எரு இடுதலே மேலானதென முடிவு கூறினார். எனினும் ஈழநாட்டு வரலாறெழுதியோர் குளங்கட்டிய மன்னரையும் கோயிலெடுத்த வன்னியரையும் பேசிய அளவுக்கு எருவைப் பற்றிப் பேசினாரல்லர். எரு கல்வெட்டில் ஏறுவதன்று; இறைப் பதிவேடுகளிலும் அதற்கு இடமில்லை. ஆயினும் நெல்லும் மாடும் ஆகிய இரண்டையுமே செல்வமென மதித்து வாழ்ந்த மட்டக்களப்பு நாட்டில், அவ்விரண்டையும் பிணைத்து நின்ற பொருள் எருவேயாகும். அப்பிணைப்பு எவ்வாறு அமைந்தது, எவ்வாறு தளர்ந்தது என்பன ஆராயத்தக்கன.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கே காடு வரை பரந்த வயல்நிலம் படுவான்கரை எனவும் ஞாயிற்றின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கொண்டு பெயர் பெற்றன. மக்கள் நெருங்கி வாழ்ந்தது பெரும்பாலும் எழுவான்கரையில். அவருட் பலர்க்கு வயல் இருந்தது படுவான்கரையில். வேளாண்மை என்ற சொல்லே இந்நாட்டில் நெற்பயிரைக் குறித்து வழங்கும். வயற்பரப்பை வட்டை என்பர். வட்டைக்கு அப்பால், மேற்கே காடுகளை அடுத்துக் கிடந்த புல்வெளிகளில் மாட்டுப் பட்டிகள் இருந்தன.

இந்நாட்டு உழவின் ஆண்டுச் சுழற்சியை நோக்கினால் எருவின் வழி தெளிவாகும். வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஐப்பசி கார்த்திகையில் பெரும்போக விதைப்பு நிகழும். விதைப்புக்கு முன் எருமைகளைக் கூட்டமாக வயலில் இறக்கி, அவை மிதித்து மிதித்து மண்ணைச் சேறாக்கும்படி செய்வர். கலப்பை செல்ல இயலாத ஆழ்சேற்றிலும் எருமையின் குளம்பு செல்லும். பயிர் முளைத்ததும் மாடுகளும் எருமைகளும் மேற்குப் புல்வெளிகளுக்கு ஓட்டப்படும். மாசி பங்குனியில் அறுவடை முடியும்வரை அவை அங்கேயே தங்கும். கதிர் அறுத்துச் சூடு வைத்தபின் அவை மீளவும் வட்டைக்கு வரும். களவெட்டியில் எருமைகள் சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கும். பட்டிகள் அரிதாளையும் வரம்புப் புல்லையும் மேய்ந்து திரியும். 1660 இல் கொட்டியாரத்திற் சிறைப்பட்டுக் கண்டி நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 இல் வெளியிட்ட தம் நூலில் மாடுகளைக் கொண்டு நெல் மிதிக்கும் வழக்கத்தைக் கண்டெழுதி, தம் நாட்டவர் கோலால் அடித்துப் பிரிப்பதிலும் அது விரைவானதென ஒப்புக்கொண்டார். அவ்வழக்கம் இலங்கை முழுதுக்கும் பொதுவானது.

இவ்வாறு ஆண்டுக்கு மும்முறை, சேறாக்கும்போதும் சூடு மிதிக்கும்போதும் அரிதாள் மேயும்போதும், கால்நடை வயலில் நின்றது. நின்ற இடமெல்லாம் சாணத்தையும் சிறுநீரையும் விட்டுச் சென்றது. காட்டுப் புல்லிற் பெற்ற சத்தின் ஒரு பகுதி இவ்வழியே நெல்வயலுக்கு இறங்கி வந்தது. எருவை எவரும் கூடையில் அள்ளவில்லை, வண்டியில் ஏற்றவுமில்லை. மாட்டின் கால்களே வண்டியாயின. உழவன் இதனை எருவிடுதல் என்று எண்ணியதாகவுந் தெரியவில்லை. அவனுக்கு அது உழவு, அல்லது சூடு மிதிப்பு, அல்லது மேய்ச்சல். எரு அவற்றின் உடன்விளைவாக, கேளாமல் வந்த கொடையாக இருந்தது.

யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். அங்கே நிலம் சிறிது, மக்கள் தொகை பெரிது, மேய்ச்சலுக்குக் காடில்லை. ஆகவே தோட்டக்காரன் ஒவ்வொரு கூடைச் சாணத்தையும் எண்ணிச் சேர்த்தான். எருக்கும்பத்தை வீட்டுக் கோடியிற் காத்தான். புகையிலைத் தோட்டத்தில் ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் அடைப்பித்தான். குழையையும் பனையோலையையும் மண்ணிற் புதைத்தான். வறிய நிலம் அவனுக்கு எருவின் அருமையைக் கற்பித்தது. மட்டக்களப்பின் வளம் அக்கல்வியைத் தேவையற்றதாக்கியது எனலாம்.

பாரத நாட்டின் நிலை வேறு. அங்கு உழவின் நிலையை ஆராய அனுப்பப்பட்ட வோல்க்கர் என்னும் இரசாயன அறிஞர் 1893 இல் வெளியான தம் அறிக்கையில், விறகுப் பஞ்சத்தாலேயே உழவர் சாணத்தை வரட்டியாக்கி எரிக்கின்றனரென்றும், விறகு கிடைக்குமாயின் சாணம் வயலுக்குச் செல்லுமென்றும் எழுதினார். மட்டக்களப்பிலோ விறகுக்குக் குறைவே இருந்ததில்லை. சாணம் அடுப்புக்குப் போகவில்லை. ஆயினும் அள்ளப்பட்டு வயலுக்கும் போகவில்லை. பட்டிகளிற் கிடந்தது. வோல்க்கரின் கூற்று இந்நாட்டுக்கு முழுதும் பொருந்தாமை கவனிக்கத்தக்கது. திருநீற்றுக்கெனச் சாணத்தைத் தூய்மையாக எடுத்து உருட்டி உலர்த்தி நீற்றும் கையே, பட்டியிற் குவிந்த சாணத்தைப் பொருட்படுத்தாது விட்டமை வியப்பன்றோ!

பட்டியில் நிகழும் இழப்பு எத்தகையது என்பதை ஓரளவு விளக்குதல் வேண்டும். மாடு தின்ற புல்லிலுள்ள நைதரசனிற் சிறுபகுதியே பாலாகவும் தசையாகவும் மாறுகின்றது, பெரும்பகுதி வெளியேறுகின்றது. வெளியேறுவதில் ஏறக்குறையப் பாதி சிறுநீரில் உள்ளது. பொற்றாசியமும் பெரும்பாலும் சிறுநீரிலேயே செல்லும்; பொசுபரசு சாணத்தில் தங்கும். வெறுநிலத்தில் விழுந்த சிறுநீரிலுள்ள யூரியா சில நாட்களுள் அமோனியாவாகிக் காற்றிற் கலக்கும். பட்டியருகே மூக்கைத் துளைக்கும் நெடி அவ்வாறு போகும் சத்தேயாகும். எஞ்சியது பருவமழையிற் கரைந்து ஓடைகளுக்கும், அவற்றின் வழியே ஆற்றுக்கும் வாவிக்கும் செல்லும். ஆண்டு மழையின் பெரும்பகுதி கார்த்திகை முதல் தை வரையிலான சில வாரங்களிற் பெய்து தீர்வது இந்நாட்டின் இயல்பாதலால், கூரையில்லாத பட்டியில் ஆண்டு முழுதும் சேர்ந்தது அச்சில வாரங்களிற் கழுவுண்டு போகும்.

கால்நடையும் வயலும் பிரிந்த வரலாறு நீர்ப்பாசனத்தின் வரலாற்றோடு இணைந்தது. ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் மட்டக்களப்பின் தலைமை அதிகாரியாயிருந்த பூர்னாண்ட் நெற்செய்கையைப் பெருக்க முயன்றவர். 1794 இல் அவர் எழுதி வைத்த நினைவுக்குறிப்பு இந்நாட்டு வரலாற்றுக்கு ஒரு மூலமாக விளங்குகின்றது. ஆங்கிலேயர் காலத்தில், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856 ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டத்தைக் கொணர்ந்தார். இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. இவையெல்லாம் வயலைப் பெருக்கினவேயன்றிச் சுழற்சியைக் குலைக்கவில்லை. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமே பெருமாற்றத்தை விளைத்தது. இங்கினியாகலையில் அணை எழுந்து சேனநாயக்க சமுத்திரம் நிரம்பியபின், வாவியின் தென்மேற்கே காடாகவும் மேய்ச்சற்றரையாகவும் கிடந்த நிலம் குடியேற்றங்களாகவும் வயல்களாகவும் மாறியது. நீர் கிடைத்த இடங்களிற் சிறுபோகமும் விளைந்தது. இருபோகம் விளையும் வயலில் மாடு மேய்வதற்கு இடைக்காலம் ஏது? பங்குனியிற் பட்டிக்குத் திறந்திருந்த வட்டை சித்திரையில் மீண்டும் அடைபட்டது.

அதே காலத்தில் உழவு இயந்திரம் வந்தது. ஒரு கூட்டம் எருமை பல நாள் மிதித்துச் செய்ததை அது ஒரு நாளிற் செய்தது. சூடு மிதிப்பதையும் அதன் சில்லுகளே ஏற்றன. எருமை வயலிற் செய்த தொழில் போயிற்று; தயிர் ஒன்றே அதன் பயனாக எஞ்சியது. மட்டக்களப்புத் தயிரின் புகழ் இன்றும் குன்றவில்லை. ஆயின் சட்டித் தயிர் உண்போர் எருமையின் மற்றைத் தொழிலை நினைப்பதில்லை. பின்னாளில் வந்த அறுவடை இயந்திரம் வைக்கோலை வயலிலேயே சிதறிவிட, அதனைக் கூட்டி எரித்தலும் வழக்கமாயிற்று.

எருமை விட்ட இடத்தை உரமூட்டை நிரப்பியது. இதற்கான அறிவு ஐரோப்பாவிற் பிறந்தது. ஜெர்மானியரான லீபிக் 1840 இல் வெளியிட்ட நூல், பயிர் மண்ணிலிருந்து எடுப்பவை தாதுப்பொருள்களே என நிறுவியது. ஹாபர் காற்றிலுள்ள நைதரசனை அமோனியாவாக்கும் வழியை 1909 இற் செய்து காட்ட, 1913 இல் அது ஆலைத் தொழிலாயிற்று. இலங்கையில் 1950களின் பிற்பகுதியில் எச்-4 என்னும் புதிய நெல்லினம் பரவியது. 1962 இல் அரசாங்கம் உரத்துக்கு மானியம் வழங்கத் தொடங்கியது. மானிய விலையில் வீட்டு வாயிலுக்கு வரும் யூரியாவுக்கும், பத்து மைல் அப்பாற் பட்டியிற் கிடக்கும் சாணத்துக்கும் இடையே உழவன் எதனைத் தேர்வான் என்பது வெளிப்படை. அதற்காக அவனைக் குறை கூறுதல் நியாயமன்று. புதிய நெல்லினங்களின் விளைச்சல் பழைய முறையால் எட்டப்படாதது.

எனினும் யூரியா தருவது நைதரசன் ஒன்றையே. எரு மண்ணின் உடலையும் வளர்ப்பது. இங்கிலாந்தில் றொதம்ஸ்ரெட் என்னுமிடத்தில் 1843 முதல் இன்றுவரை நடைபெறும் வயற்சோதனைகள் இதற்குச் சான்று. அங்கே பார்லி விளையும் ஒரு துண்டு நிலத்துக்கு 1852 முதல் 1871 வரை தொழுவெரு இடப்பட்டு, பின் நிறுத்தப்பட்டது. நூறாண்டுக்கு மேலாகியும் அத்துண்டின் மண், ஒருபோதும் எருப் பெறாத அயல்நிலத்தினின்றும் வேறுபட்டே காணப்பட்டது. எரு மெல்ல வேலை செய்வது. அதன் இழப்பும் மெல்லவே தெரிவது. மட்டக்களப்பு வயல்களில் எருமையின் மிதிப்பு நின்றது ஓராண்டிலும் பஞ்சமாகத் தோன்றாமைக்கு இதுவே காரணமாகலாம்.

பட்டிகளின் துன்பம் இவ்வளவில் நிற்கவில்லை. 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளியில் எண்ணற்ற கால்நடைகள் மாண்டன. 1983 இன் பின்னர் நீண்ட போர்க்காலத்தில் மேற்குப் புல்வெளிகள் செல்லற்கரியனவாயின. கிழக்கிற் போர் ஓய்ந்த 2007 இன் பின்னரே பட்டிகள் பெருமளவில் மீண்டன. மீண்டபோது முன்னைய மேய்ச்சற்றரைகள் சிலவற்றிற் பயிர்ச்செய்கை புகுந்திருந்தது. மயிலத்தமடு, மாதவனைப் புல்வெளிகளைக் குறித்து 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியிற் பண்ணையாளர் தொடங்கிய தொடர்போராட்டம் அப்பிணக்கின் வெளிப்பாடேயாகும்.

சாணத்தை மறந்ததன் விலை 2021 இல் தெரிந்தது. அவ்வாண்டு மே 6 ஆம் நாள் அசேதன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நாடு முழுதும் சேதன உரத்துக்கு ஒரே போகத்தில் மாறவேண்டுமென எதிர்பார்க்கப்பட்டது. கால்நடை நிறைந்த மாவட்டங்களிலேயே கூட்டெரு போதிய அளவில் ஆயத்தமாயிருக்கவில்லை. குவித்து, மக்கவைத்து, ஏற்றி இறக்கும் ஒழுங்கு எங்குமில்லை. ஒரு ஏக்கர் நெல்லுக்குச் சில மூட்டை யூரியா தரும் நைதரசனைச் சாணத்தாற் பெறவேண்டின் பல தொன் வேண்டும் என்ற எளிய கணக்கும் பார்க்கப்படவில்லை. சீனத்திலிருந்து கப்பலில் வந்த சேதன உரம், தீங்கு பயக்கும் நுண்ணுயிர் உண்டெனத் திருப்பப்பட்டது. அதற்கும் ஏறக்குறைய 70 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது. சொந்த நாட்டுப் பட்டிகளில் எரு மழையிற் கரைந்து போக, கடல்கடந்த எருவுக்கு விலை கொடுத்த விந்தை அது! தடை நவம்பரில் நீக்கப்பட்டது. ஆயினும் அப்பெரும்போக விளைச்சல் முந்திய ஆண்டினும் மூன்றிலொரு பங்குக்கு மேலாகக் குறைந்தது.

இழப்பதை மீட்கும் முறை புதிதன்று. அல்பேட் ஹவார்ட் என்பார் 1924 முதல் இந்தூரில் ஆய்வு நடத்தி, யஷ்வந்த் வாட் என்பாருடன் சேர்ந்து 1931 இல் வெளியிட்ட நூலில் அதனை விளக்கினார். வைக்கோலையும் சருகையும் மாட்டின் கீழ்ப் படுக்கையாக இட்டுச் சிறுநீரை அதில் ஊறவிடல். சிறுநீர் ஊறிய மண்ணையும் அகழ்ந்து சேர்த்தல். சாணத்துடன் அடுக்கடுக்காகக் குவித்து, ஈரங்காத்து, காற்றுப்புகப் புரட்டல். சில மாதங்களிற் கரிய எருவாக எடுத்தல். மட்டக்களப்புக்கு இது மிகப் பொருந்தும். நெற்பயிர் எடுத்த பொற்றாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்கியுள்ளது. அதனை எரித்தால் நைதரசன் முற்றாகவே போய்விடும். மக்கவைத்தால் இரண்டும் எஞ்சும். வாவியோரங்களில் அடர்ந்து வளரும் ஆற்றுவாழையும் பயன்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இலங்கைக்குக் கொணரப்பட்டு நாட்டின் நீர்நிலைகளிற் பரவிய அச்செடி, வயலிலும் பட்டியிலும் இருந்து வழிந்தோடிய சத்தையே உண்டு செழிப்பது. அதனை வாரிக் கூட்டெருவிற் சேர்த்தால், வாவிக்குப் போன சத்தின் ஒரு கூறு வயலுக்குத் திரும்பும்.

இதற்கெல்லாம் வேண்டுவது கூரையிட்ட பட்டியும், அடித்தளமிட்ட எருக்கிடங்கும், வண்டி செல்லும் பாதையுமாம். அங்கேதான் இடர் உள்ளது. வருகின்ற போகத்தில் தன் பட்டி எங்கே நிற்குமென அறியாத பண்ணையாளன் கூரைக்கு மரம் நடமாட்டான். சீமெந்துக்குப் பணம் இடமாட்டான். மேய்ச்சற்றரையின் எல்லை வரையறுக்கப்பட்டு, அதன் உரிமை எழுத்தில் அமையாத வரையில், மாலையிற் பட்டிக்குத் திரும்பும் மாடுகள் வெறுமண்ணிலேயே படுக்கும்.